கையுறையில் ரத்தம் தெரிந்தால் முதல் போன் யாருக்கு?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012 கணக்கோடு ஒப்பிட்டால் 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. இந்த எண்களைப் பார்த்தாலே, கால்நடை மருத்துவம் முடித்து வெளியே வரும் ஒருவர் குதிரையை எத்தனை முறை தொட்டிருப்பார் என்று ஊகித்துவிடலாம். படிப்பு ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அந்த ஒரு வருடத்தில் மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் போக குதிரைக்கு ஒதுங்குவது கொஞ்ச நாள். ஆகவே குதிரை மருத்துவத்தில் வேலை என்பது பட்டம் வாங்கிய பிறகு, ஒரு சீனியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வதாகவே இருக்கிறது. கிண்டி, ஊட்டி, பெங்களூரு, புனே, எந்த ஊர் லாயமானாலும் இதே கதைதான்.

பின்னால் நிற்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் ஊரில் நிறையப் பேசிவிட்டார்கள். பணிவு, பொறுமை, விடியற்காலை 4 மணிக்கு லாயத்தில் ஆஜர். முன்னால் நிற்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பதுதான் இந்தப் பதிவு. ஒரே வரியில் சொன்னால், கற்றுக்கொடுப்பவர் தன் கைவித்தையோடு ஆபத்திலும் பங்கு கொடுக்க வேண்டும். ஜூனியரின் கை தவறினால் அந்தத் தவறில் சீனியரின் பெயரும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அதன் பெயர் பயிற்சி அல்ல, குறைந்த சம்பளத்தில் ஆள் வைத்துக்கொள்வது.

இதற்கான சோதனை முக்கால்வாசி ராத்திரியில்தான் வரும், அதுவும் கோலிக் எனும் வயிற்றுவலி ரூபத்தில். குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, முன்காலால் தரையைச் சுரண்டுகிறது, படுத்துப் புரள்கிறது என்று சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) போன் செய்வார். ஜூனியர் தனியாகப் போகிறார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. பெரிய குதிரையின் இரைப்பையே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சிறுகுடலில் அடைப்பு இருந்தால் திரவம் பின்வாங்கி இரைப்பையை நிரப்பிக்கொண்டே இருக்கும். மூக்குக் குழாய் விட்டு இறக்காவிட்டால் இரைப்பை கிழியும், கிழிந்தால் கதை முடிந்தது. ஆக, அந்த முதல் அரை மணி நேரத்தில் ஜூனியர் எதைப் பார்க்கிறார், எதைச் சீனியருக்குச் சொல்கிறார் என்பதில் ஒரு உயிர் இருக்கிறது.

"ரொம்ப வலியா இருக்கு சார்" என்பது தகவலே இல்லை. போனில் சொல்ல வேண்டிய வரிசையை முன்கூட்டியே எழுதி ஜூனியரின் வண்டியில் ஒட்டிவிடுவது நல்லது. முதலில் நாடித்துடிப்பு: நின்றிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. அடுத்து ஈறின் நிறம், விரலால் அழுத்தி எடுத்தால் எத்தனை விநாடியில் ரத்தம் திரும்புகிறது (2 விநாடிக்குள் வர வேண்டும்). வயிற்றின் நான்கு மூலையிலும் குடல் சத்தம். வெப்பம். குழாய் விட்டதில் எத்தனை லிட்டர் திரும்பி வந்தது, என்ன நிறம், என்ன வாடை. மலக்குடல் பரிசோதனையில் கைக்கு என்ன பட்டது. ஊசி போட்டு வலி எத்தனை நிமிடம் அடங்கியது. கடைசியாக, அறுவை சிகிச்சை செய்யும் இடம் எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கிறது, உரிமையாளர் அந்தச் செலவுக்குத் தயாரா. ஊட்டி மாதிரி இடத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். மலைப்பாதையில் ராத்திரி குதிரையை ஏற்றிய வண்டி இறங்க ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்ற கணக்கெல்லாம்.

இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. மலக்குடலைத் தளர்த்த ஹையோசின் ஊசி (கிலோவுக்கு 0.3 மி.கி., நரம்பு வழியாக) போட்டால் அடுத்த அரை மணி நேரமோ அதற்கு மேலோ நாடித்துடிப்பு ஏறி நிற்கும். முதலில் ஊசியைப் போட்டுவிட்டு அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த ஜூனியர் 70 என்று எண்ணிவிட்டு, குடல் முறுக்கிக்கொண்டது என்று பதறுவார். அந்தப் பதற்றத்தோடு வரும் போனுக்கு "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கும் சீனியர் இருக்கிறார். "ஊசிக்கு முன்னாடி எண்ணினாயா?" என்று கேட்பவரும் இருக்கிறார். முதலாமவரிடம் வேலை பார்க்கும் ஜூனியர் அடுத்த முறை போனே செய்ய மாட்டார்.

போன் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ப்ளூனிக்ஸின் என்ற வலி மருந்தைக் கிலோவுக்கு 1.1 மி.கி. போட்டால் குதிரை அமைதியாகிவிடும். சில மணி நேரம் கழித்து வலி திரும்பும். சீனியரை எழுப்பத் தயங்கி இன்னொரு டோஸ் போடுவார். குடல் உள்ளே செத்துக்கொண்டிருப்பதைக் காட்டும் வலியும், விஷம் ரத்தத்தில் ஏறுவதன் அறிகுறிகளும் அந்த மருந்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். விடிந்து பார்க்கும்போது ஈறு செங்கல் நிறத்திலோ ஊதா நிறத்திலோ இருக்கும், அறுவைக்கான நேரம் கடந்திருக்கும். இதை எல்லோரும் ஜூனியரின் பிழை என்றுதான் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் இது போனை எடுத்தவரின் குரலில் இருந்த பிழை.

அதனால் "தேவைன்னா கூப்பிடு" என்ற வாக்கியத்தை நான் நம்புவதில்லை. தேவை எது என்று தீர்மானிக்கும் அனுபவம் இல்லாதவரிடம் அந்தத் தீர்மானத்தைக் கொடுக்கிற வாக்கியம் அது. அதற்குப் பதில் எல்லைகளை எண்ணிக்கையாக வைத்துவிடலாம். வலி மருந்துக்குப் பிறகும் நாடித்துடிப்பு 60-க்குக் கீழே வரவில்லை, குழாயில் 2 லிட்டருக்கு மேல் தானாகத் திரும்புகிறது, மயக்க ஊசியான சைலசின் போட்டும் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி புரள்கிறது, மலக்குடலைப் பரிசோதித்த கையுறையில் ரத்தம். இதில் எது நடந்தாலும் ஜூனியர் கேட்காமலேயே சீனியர் வண்டியை எடுக்க வேண்டும். வெட்கத்துக்கும் ஈகோவுக்கும் இடமில்லாத ஏற்பாடு.

மூக்குக் குழாயைப் பற்றிக் கொஞ்சம். மூக்குத் துவாரத்தின் அடிப்பக்க வழியில்தான் குழாய் போக வேண்டும். கட்டைவிரலால் குழாயின் நுனியைக் கீழே அழுத்தியபடி தள்ள வேண்டும். மேலே ஏறினால் மென்மையான எலும்புச் சுருளில் இடித்து ரத்தம் கொட்டும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். இதை முன்னாலேயே உரிமையாளரிடம் சொல்லிவைக்கக் கற்றுக்கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறதா, மூச்சுக்குழாயில் இருக்கிறதா என்பதில் விளையாட்டே இல்லை. கழுத்தின் இடப்பக்கம் குழாய் இறங்குவது கண்ணுக்கோ கைக்கோ தெரிய வேண்டும். வாயால் உறிஞ்சினால் எதிர்ப்பு இருக்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் அது மூச்சுக்குழாய். ஊதினால் இரைப்பையின் புளித்த வாடை திரும்ப வர வேண்டும். இதில் இரண்டாவது உறுதி கிடைக்கும் வரை புனலைக் கையில் எடுக்கக் கூடாது. 4 லிட்டர் லிக்விட் பாரஃபின் நுரையீரலுக்குள் போன குதிரையைக் காப்பாற்ற வழியே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்துக் குதிரைகளுக்காவது எண்ணெய் ஊற்றும் முன் சீனியர் தன் கையால் கழுத்தைத் தடவிப் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அந்த "சரி"க்குப் பிறகு பொறுப்பு அவருடையது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

மலக்குடல் கிழிவது குதிரை மருத்துவத்தின் பழைய கெட்ட கனவு. மாட்டில் பழகிய கை குதிரைக்குள் போகும்போதுதான் அதிகம் நடக்கும், ஏனென்றால் மாட்டின் மலக்குடல் பொறுத்துக்கொள்ளும், குதிரையுடையது பொறுக்காது. விரல் குத்திக் கிழிவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குடல் சுருங்கி அலையாக வரும்போது கையைப் பின்னுக்கு இழுக்காமல் எதிர்த்து நிற்பதால்தான் கிழிகிறது. கிழியும் இடமும் ஏறக்குறைய ஒன்றேதான்: மேற்புறம், ஆசனவாயிலிருந்து சுமார் 25 முதல் 30 சென்டிமீட்டர் உள்ளே. ஆகவே கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் எதைத் தொட வேண்டும் என்பது அல்ல, எப்போது கையை வெளியே எடுக்க வேண்டும் என்பது. அலை வந்தால் கை அதோடு சேர்ந்து பின்வாங்க வேண்டும். வழவழப்புக்கு ஜெல் தாராளமாக. முரண்டு பிடிக்கிற குதிரைக்கு மயக்க ஊசியும் ஹையோசினும் முதலிலேயே. அப்படியும் முக்கிக்கொண்டே இருந்தால், பரிசோதனையே வேண்டாம் என்று விடுவதற்கும் ஜூனியருக்கு அனுமதி இருக்க வேண்டும். கல்லூரிப் பயிற்சியில் ஒரு குதிரைக்குள் ஒரே நாளில் எத்தனை கை போகலாம் என்று கேட்டால், கற்றுக்கொள்பவர் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது என் கருத்து. வரிசையில் ஏழாவதாக நிற்கும் மாணவனுக்குக் கிடைப்பது பாடமே அல்ல. அந்தக் குதிரைக்குத்தான் தண்டனை.

சரி, கையை எடுத்தாயிற்று, கையுறையில் ரத்தம். லேசான கீறலாகவும் இருக்கலாம். சளிப்படலம் மட்டும் கிழிந்தால் முதல் தரம்; மருந்திலேயே ஆறும். வெளிச்சவ்வு தவிர மற்ற அடுக்குகள் எல்லாம் போயிருந்தால் மூன்றாம் தரம். முழுசாகத் திறந்து மலம் வயிற்றறைக்குள் கொட்டுகிறதென்றால் நான்காம் தரம், பெரும்பாலும் கருணைக்கொலைதான். முதல் தரத்தை மூன்றாம் தரமாக மாற்றுவது ஜூனியரின் மௌனம். யாருக்கும் தெரிய வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கையுறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனால், ராத்திரி முழுக்கக் குதிரை சாணம் போட முக்கும், கிழிசல் ஆழமாகும், மலம் அதற்குள் திணியும்.

அந்த முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை தெளிவானவை. கையை மறுபடி விடாதே. மயக்க ஊசி, ஹையோசின். முக்குவதை நிறுத்த வால் பகுதியில் எபிடூரல் (முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசி). அதற்குப் பிறகுதான் மெல்லிய கையுறையோடு, நிறைய ஜெல்லோடு, அனுபவமுள்ள ஒரு கை உள்ளே போய் எந்த அடுக்கு வரை என்று பார்க்க வேண்டும். மலத்தைக் கையால் மெதுவாக எடுத்துவிட வேண்டும். பல வகைக் கிருமிகளுக்கும் சேர்த்து ஆன்டிபயாடிக், ப்ளூனிக்ஸின், டெட்டனஸ் ஊசி. ஆழமாக இருந்தால் போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சை மெல்லிய துணிக்குழலில் அடைத்து, கிழிசலுக்கு முன்னால் வரை வைத்து, அறுவைக்கு அனுப்ப வேண்டும்.

முதல் போன் யாருக்கு? சீனியருக்கு. இரண்டாவது உரிமையாளருக்கு, அந்தப் போனைச் செய்ய வேண்டியவர் சீனியர், ஜூனியர் பக்கத்தில் இருக்க. "எங்க டாக்டர் பரிசோதனை பண்ணும்போது குடல்ல கிழிசல் ஏற்பட்டிருக்கு. இது இந்தப் பரிசோதனையில் வரக்கூடிய ஆபத்துதான். இப்ப என்ன செய்யறோம்னா..." என்று ஆரம்பிக்கும் போன். "எங்க டாக்டர்" என்பதில் உள்ள அந்த "எங்க" முக்கியம். "அந்தப் பையன் கைய விட்டுட்டான் சார்" என்று ஆரம்பித்தால் அங்கேயே எல்லாம் முடிந்தது. அந்த ஜூனியர் இனி எந்தத் தவறையும் யாரிடமும் சொல்ல மாட்டார். அவருக்குக் கீழே நாளைக்கு வருபவருக்கும் அதையே கற்றுக்கொடுப்பார். உண்மையை மறைக்கும் பழக்கமும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது.

ஊசி போடுவதில் இப்படி ஒரு இடம் இருக்கிறது, சுருக்கமாக. கழுத்து ரத்தநாளத்தில் ஊசியைக் கழுத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில்தான் போட வேண்டும். அங்கே சிரைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு தசை இருக்கிறது. கீழே போகப் போக அந்தத் தடுப்பு இல்லை. தமனிக்குள் சைலசின் போனால் சில விநாடிகளில் குதிரை வலிப்பு வந்து விழும், பக்கத்தில் நிற்பவர் மேலேயே விழலாம். சிரிஞ்ச் இல்லாமல் 18 கேஜ் ஊசியை மட்டும் முதலில் ஏற்றி, ரத்தம் கருஞ்சிவப்பாகச் சொட்டுகிறதா, பளிச்சென்று பீய்ச்சுகிறதா என்று பார்த்த பிறகு சிரிஞ்சை மாட்டுவது. அவசரக்கார சீனியர் இந்த இரண்டு விநாடியை மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் ஜூனியரும் அப்படியே செய்வார். ஃபீனைல்பியூட்டாசோன் என்ற வலி மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிக் கழன்று விழும் என்பதையும் அதே நாளில் சொல்லிவிடலாம். ப்ளூனிக்ஸினைத் தசையில் போடாதே, க்ளாஸ்ட்ரிடியம் கிருமி தசையைத் தின்றுவிடும் என்பதையும்.

கைவேலையில் தவறினால் குதிரை காட்டிக்கொடுத்துவிடும். பேனாவில் தவறினால் யாருக்கும் தெரியாது. அதனால் சான்றிதழ் விஷயத்தில் வழிகாட்டல் இன்னும் கடினம். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984-இல் வந்தது. தொழில் நெறி விதிமுறைகள் 1992-இல். அவற்றை முழுசாகப் படித்த ஜூனியர் அபூர்வம், படிக்கச் சொன்ன சீனியர் அதைவிட அபூர்வம்.

கிளாண்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய், அறிவிக்கப்பட வேண்டிய நோய். குதிரையை வெளியூருக்கு அனுப்ப அது இல்லை என்ற ஆய்வுச் சான்று கேட்பார்கள். ரத்த மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதில் பெரிய இடம். இருபது குதிரைக்கு மாதிரி கேட்டால், அவசரத்தில் நான்கு குதிரையிலிருந்து இருபது குழாயை நிரப்பிவிடும் ஆசை எங்கேயும் உண்டு. "அந்தக் குதிரை உதைக்கும் டாக்டர், இதுலயே இன்னொரு குழாய் எடுத்துக்கங்க" என்று லாயத்திலேயே சொல்வார்கள். ஜூனியருக்கு வேண்டியது அறநெறி வகுப்பு இல்லை, ஒரு நடைமுறை: மைக்ரோசிப்பை ரீடரில் படிக்காமல் ஊசி எடுக்காதே, எண்ணைக் குழாயின் மேல் அப்போதே எழுது, மேசைக்குப் போய் எழுதாதே, படிவத்தில் குதிரையின் நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, சுழி எல்லாவற்றையும் குதிரை எதிரில் நிற்கும்போதே வரை. நடைமுறை கெட்டியாக இருந்தால் "எங்க சீனியர் இப்படித்தான் எடுக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஜூனியருக்கு ஒளிந்துகொள்ள ஒரு சுவரைக் கட்டிக் கொடுப்பதுதான் இங்கே வழிகாட்டல்.

குதிரை வாங்கும் முன் செய்யும் பரிசோதனையிலும் இதேதான். பிரிட்டனில் இதை ஐந்து கட்டமாகச் செய்கிறார்கள்: நின்ற நிலையில் முழுப் பரிசோதனை, நடையும் துள்ளோட்டமும், சவாரியில் உழைப்பு, ஓய்வு, மறுபடி துள்ளோட்டம். பரிசோதனை நாளில் ரத்தம் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள், பின்னால் வலி மருந்து கொடுத்து விற்றார்கள் என்ற பேச்சு வந்தால் சோதிக்க. நம் ஊரில் ரத்தம் எடுத்து வைக்கும் பழக்கம் பரவலாக இல்லை, வர வேண்டும். ஜூனியருக்குச் சொல்ல வேண்டியவை இரண்டே. "பாஸ்", "ஃபெயில்" என்று எழுதாதே. கண்டதை எழுது, வாங்குபவர் எந்த வேலைக்குக் கேட்கிறாரோ அதற்கு அது என்ன அர்த்தம் என்று எழுது. விற்பவர் உன் பழைய வாடிக்கையாளர் என்றால் அதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல், அவர் வேறு டாக்டரைப் பார்க்கட்டும். இதில் சீனியருக்கும் ஒரு கட்டுப்பாடு: ஜூனியர் கையெழுத்திட்ட அறிக்கையைத் திருத்தச் சொல்லக் கூடாது. கருத்து வேறுபாடு இருந்தால் தானே போய்ப் பார்த்து, தன் பெயரில் தனியாக எழுதட்டும். விற்பனையில் கமிஷன் வாங்கும் சீனியரிடம் இதை எதிர்பார்க்க முடியாது; அவரிடமிருந்து ஜூனியர் கற்றுக்கொள்ள வேண்டியது எப்போது விலகுவது என்பது.

ரேஸ் லாயங்களில் மருந்து என்பது தனி உலகம். ரேஸ் நாள் சோதனையில் மருந்து சிக்கக் கூடாது, அதனால் ட்ரெய்னர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், இது எத்தனை நாள்ல போகும்?" இங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்வதால் தொழிலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். கண்டறியும் காலம் என்பது, சில குதிரைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவில், ஒரு குறிப்பிட்ட வழியில் மருந்து கொடுத்து, ஆய்வகத்தில் எல்லாவற்றிலும் மறைய எத்தனை நாள் ஆனது என்று பார்த்தது. விலகல் காலம் என்பது, அந்த எண்ணோடு பாதுகாப்புக்காக இன்னும் சில நாள் சேர்த்து, எதிரில் நிற்கும் குதிரையைப் பார்த்து டாக்டர் தீர்மானிப்பது. முதலாவது அச்சில் கிடைக்கும். இரண்டாவது டாக்டரின் தலையில் இருந்து வர வேண்டும். அளவு கூடினாலோ, மூட்டுக்குள் போட்டாலோ, படுக்கை வைக்கோலில் சிறுநீரோடு கலந்த மருந்தைக் குதிரை மறுபடி தின்றாலோ அச்சில் இருக்கும் எண் செல்லாது. சமையல் சோடாவைக் குழாய் வழியாக ஏற்றி ஓடவிடும் பழைய வித்தைக்காகத்தான் ரத்தத்தில் மொத்த கார்பன் டை ஆக்சைடுக்கு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். ரேஸ் நாளில் குழாயோடு லாயத்தில் நிற்கும் ஜூனியருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

லேபிள் கிழிந்த பாட்டிலைக் கையில் கொடுத்து "போட்டுட்டு வா" என்று அனுப்பும் சீனியரிடம் என்ன செய்வது? அதில் என்ன மருந்து, எந்தக் குதிரைக்கு, யார் சொன்னது என்று பதிவேட்டில் எழுதாமல் போடக் கூடாது. எழுதக் கூடாது என்று சொன்னால் பதில் கிடைத்துவிட்டது, வேறு இடம் தேடலாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் சங்கம் செய்வித்த ஓர் ஆய்வில், 30 வருடத் தொழில் வாழ்க்கையில் ஒரு குதிரை மருத்துவர் வேலையைப் பாதிக்கும் அளவுக்கு ஏழெட்டு முறை காயப்படுவார் என்று கணித்தார்கள். பாதிக்குப் பாதி பின்னங்கால் உதை. "எல்லாருக்கும் விழும்பா, பழகிக்கோ" என்பது ஆறுதல் இல்லை. சைலசின் போட்ட குதிரை தலையைத் தொங்கப் போட்டபடியே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், குறி தவறாமல் உதைக்கும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் ஆறுதல். பிடிப்பவரும் டாக்டரும் குதிரையின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பிடிக்க ஆள் சரியில்லை என்றால் பரிசோதனை செய்யாமல் திரும்பி வரலாம் என்ற அனுமதியும். திரும்பி வந்தவரைச் சீனியர் கிண்டல் செய்யாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் கணக்கு இன்னும் கடுமை. புதிதாகப் பட்டம் வாங்குபவர்களில் நேராகக் குதிரைக்கு வருபவர்கள் சுமார் 1.3 சதவீதம், குதிரை இன்டர்ன்ஷிப்புக்குப் போகிறவர்கள் இன்னும் 4.5 சதவீதம், ஐந்து வருடத்துக்குள் இவர்களில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். 2022-இல் இதற்கென்றே ஒரு குழு அமைத்துச் சம்பளம், ராத்திரி அழைப்பு, இன்டர்ன்ஷிப், வேலையிடக் கலாசாரம் என்று பிரித்து உட்கார்ந்தார்கள். பிரிட்டனில் 2021 முதல் புதுப் பட்டதாரி ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் வேலை செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும், வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நம் ஊரிலும் முடியும். காலை வேலை முடிந்து டீ குடிக்கும் நேரம்தானே. ஆனால் அந்த மணி நேரத்தில் ஜூனியர் பேச வேண்டும். சீனியர் தன் வீரக்கதைகளைச் சொல்லத் தொடங்கினால் அது வெறும் டீ.

பத்து வருடம் ஆனவருக்கு வழிகாட்டி வேண்டாமா? அவருக்குத்தான் ரொம்பவும் வேண்டும், ஆனால் கேட்க வெட்கப்படுவார். இந்தக் கட்டத்தில் அறம் என்பது சக டாக்டரிடம் நடந்துகொள்ளும் விதம். இன்னொரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும் குதிரைக்குக் கூப்பிட்டால், போகும் முன் அவருக்கு ஒரு போன். என்ன மருந்து போயிருக்கிறது என்று கேட்காமல் இன்னொரு வலி மருந்தை மேலே ஏற்றினால் சிறுநீரகம் போகும், இரைப்பையில் புண் வரும். ஆகவே அந்தப் போன் வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை. லாயத்தில் நின்றுகொண்டு "யார் இந்த மருந்தைக் கொடுத்தது?" என்று உதட்டைச் சுழிப்பதும் ஒரு வகைச் சிகிச்சைப் பிழைதான். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குதிரை குணமானதும் அனுப்பியவரிடமே திரும்ப வேண்டும், கண்டதும் செய்ததும் எழுதிய தாளோடு. அந்தத் தாள்தான் நடுவயது டாக்டருக்குக் கிடைக்கும் ஒரே பாடப்புத்தகம்.

வயதான சீனியருக்கோ பாடம் கீழிருந்து வர வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் பூச்சி மருந்து என்பது 1960களில் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த யோசனை. அன்றைக்கு எதிரி பெரிய ரத்தப் புழு, அதற்கு அது சரி. இன்றைக்குப் பெரும்பாலும் எதிரி சிறு புழு, அதுவோ மருந்துக்கு அடங்காமல் பழகிவிட்டது. இப்போது சாணத்தில் முட்டையை எண்ணி, கிராமுக்கு 200-க்குக் கீழே இருக்கும் வளர்ந்த குதிரையை அடிக்கடி மருந்து கொடுக்காமல் விடுகிறார்கள்; மருந்து கொடுத்த 14-ஆம் நாள் மறுபடி எண்ணி, வேலை செய்ததா என்று பார்க்கிறார்கள். நாற்பது வருடம் இரண்டு மாத அட்டவணை எழுதிய கைக்கு இதை ஏற்பது கஷ்டம். நேற்று வந்த ஜூனியர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக் காட்டி "சார், மருந்துக்கு அப்புறமும் முட்டை இருக்கு" என்று சொல்லும்போது, சைஸ்களும் ட்ரெய்னரும் பக்கத்தில் நிற்க, "அப்ப அட்டவணையை மாத்திடு" என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் சீனியருக்கான பரீட்சை.

வலி மருந்திலும் இதே நிலைதான். மருந்து தங்கிய பிணத்தைத் தின்று கழுகுகள் சாவதால் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று 2006-இலேயே தடை வந்தது. 2023-இல் கீட்டோப்ரொஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் சேர்ந்தன. நீலகிரியின் மாயார் பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் இருக்கின்றன. மேலே ஊட்டியில் குதிரைகள் இருக்கின்றன. பழைய சீனியரின் பையில் பழக்க தோஷத்தில் அந்தப் பாட்டில் இருந்தால், அதை எடுத்து வெளியே வைத்து மெலாக்ஸிகாமை உள்ளே வைக்கும் உரிமை ஜூனியருக்கு உண்டு. கருணைக்கொலை ஊசி போட்ட உடலை ஆழமாகப் புதைக்காமல் விட்டால் நாயும் கழுகும் தின்று சாகும் என்பதையும் இருவரும் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக, ஒதுங்கும் சீனியர். தோள்மூட்டு தேய்ந்து கை உணர்வு மங்கிய பிறகும் மலக்குடல் பரிசோதனையை விடாமல் இருப்பவர்கள் உண்டு. எப்போது நிறுத்துவது என்று அவர்களிடம் சொல்லத் துணியும் ஆள் அவர்கள் வளர்த்த ஜூனியராகத்தான் இருக்க முடியும். ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் பட்டியலையும் வண்டிச் சாவியையும் கொடுத்தால் போதாது. ஒரு நோட்டில் குதிரைவாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தக் குதிரை இடப்பக்கம் நெருங்கினால் கடிக்கும், எந்தக் குதிரை பெனிசிலின் போட்டபோது தடுமாறி விழுந்தது, எதன் வலது கழுத்துச் சிரை அடைத்துப் போயிருக்கிறது, எந்தக் குதிரைக்கு எந்தத் தேதியில் தான் என்ன தவறு செய்தோம்.